தொகை எழுதாத மொய்

வணக்கம் அண்ணா,

எனக்கு 31 வயது. காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம். நர்சிங் படித்துவிட்டு இப்போது ஓசூரில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன்புவரை ஒரு பக்திக் குழுவில் இருந்தேன். ஒன்பது வருடம்.

அப்பா ஆஸ்பத்திரியில் 23 நாள் கிடந்தபோதுதான் அவர்கள் வந்தார்கள். சொந்தக்காரர்கள் பழப் பையோடு வந்து ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்கள். இவர்கள் முறை போட்டு ராத்திரி எங்களோடு தங்கினார்கள். தூக்குப்போசியில் களியும் கீரைக்குழம்பும் வந்தது. அப்பா பிழைக்கவில்லை. காரியம் முடிகிறவரை கூடவே இருந்தார்கள். அப்புறம் அம்மாவும் நானும் அவர்களோடு போய்விட்டோம்.

காலை நாலு மணிக்கு எழுந்து பாட வேண்டும். போன் அவர்களிடம் இருக்கும். மனதில் வரும் சந்தேகத்துக்கு 'தூசி' என்று பெயர். ஞாயிறு ராத்திரி அந்த வாரத்துத் தூசியை எல்லாம் நோட்டில் எழுதி, குழுத் தலைவர் ஐயாவிடம் கொடுக்க வேண்டும். பாட்டி எனக்கு எழுதிவைத்த 40 சென்ட் நிலத்தை இரண்டு வருடத்துக்கு முன்பு ஐயா பேரில் தானப் பத்திரம் போட்டுக் கொடுத்தேன். யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. பிறகு ஐயா ஒரு மாப்பிள்ளையைக் காட்டினார். முடியாது என்றேன். அன்றிலிருந்து நான் நன்றி கெட்டவள். ஒரு பையோடு ஓசூர் பஸ் ஏறினேன். அம்மா இன்னும் அங்கேதான். போன் எடுப்பதில்லை. போன மாதம் சந்தையில் எதிரில் வந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

வெளியே வந்தவர்கள் மூன்று பேர் சில ஞாயிறுகளில் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் சந்திக்கிறோம். ஒரு தம்பி, கோபக்காரன், அங்கே நடந்தது அத்தனையும் மோசடி என்கிறான். ஒரு அக்கா, இல்லை, அந்த விடியற்காலைப் பாட்டு மாதிரி ஒரு நிம்மதி தனக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை என்று அழுகிறார். எனக்கு இரண்டும் சரி என்று தோன்றுகிறது. வேலை செய்யும் இடத்தில் தெரியாமல் இதைச் சொல்லிவிட்டேன். "படிச்ச பொண்ணு, எப்படி ஏமாந்தே?" என்று கேட்டார்கள். நான் முட்டாளா அண்ணா? அங்கே சந்தோஷமாக இருந்தது பொய்யா? நிலத்தைத் திரும்பக் கேட்கலாமா? அம்மாவை என்ன செய்வது? தானப் பத்திரத்தின் நகல்கூட என்னிடம் இல்லை.

ம.

—

அன்புள்ள ம.,

குழுவின் பெயர், மதம், ஊர் மூன்றையும் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். படிப்பவர்கள் இது இன்ன மதம் என்று ஊகித்து, அடுத்த மதத்துக்காரன் என்றால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அந்த வசதியை அவர்களுக்குத் தர எனக்கு விருப்பமில்லை.

எனக்கும் இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. 22 வயதில், கிருஷ்ணகிரியில் வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மாடி அறையில் நடந்த குழு ஒன்றில் இரண்டு வருடம் இருந்தேன். எங்களுக்கும் நோட்டு உண்டு. சனிக்கிழமை. எங்கள் ஊரில் பாரதக் கூத்து நடந்த வருடம் அது. கூத்துப் பார்ப்பது எங்களுக்குத் தடை. கர்ணன் சாகும் இரவு மட்டும் யாருக்கும் தெரியாமல் போய் உட்கார்ந்துவிட்டு, விடிந்ததும் மனசு கேட்காமல் அதை நோட்டில் எழுதினேன். ஒரு மாதம் ஒருவரும் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தார்கள், பேசவில்லை. அதற்காகக் கோபித்துக்கொண்டு வெளியேறினேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை. ஒரு மாதம் முடிந்து ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அழுதேன், இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டேன். பிறகு ஓசூரில் வேலை கிடைத்தது, ஷிப்ட் நேரம் ஒத்துவரவில்லை, அப்படியே நழுவிவிட்டேன். மாப்பிள்ளை வேண்டாம் என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டு வந்த உங்கள் தைரியம் எனக்கு இருந்ததில்லை.

அந்தக் கர்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். தான் நிற்பது தப்பான பக்கம் என்று அவனுக்குத் தெரியும். குந்தி வந்து கூப்பிடுகிறாள், கண்ணனும் கூப்பிடுகிறான். போக மாட்டேன் என்கிறான். செஞ்சோற்றுக் கடன். சபையில் எல்லோரும் அவமானப்படுத்திய நேரத்தில் தோளில் கை போட்டவன் துரியோதனன் ஒருவன்தான். நம் ஊரில் விடிய விடிய உட்கார்ந்து கர்ணனுக்காக அழுகிறவர்களில் ஒருவராவது அவனை முட்டாள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. உங்களிடம் "எப்படி ஏமாந்தே" என்று கேட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கக்கூடியவர்கள்தான்.

உங்களைப் பிடித்து வைத்தது கொள்கை இல்லை, அந்தத் தூக்குப்போசிக் களி. களி கொண்டுவந்தவர்கள் கணக்குப் போட்டுக் கொண்டுவந்தார்கள் என்றும் நான் நினைக்கவில்லை. அவர்களும் எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ கொடுத்த களியைச் சாப்பிட்டவர்களாகத்தான் இருப்பார்கள். நம் பக்கத்துக் கல்யாணத்தில் மொய் வைத்தால் நோட்டில் பெயர், ஊர், தொகை எல்லாம் இருக்கும். 501 என்றால் 501. அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தால் தீர்ந்தது. உங்களுக்கு வைக்கப்பட்டது தொகை எழுதாத மொய். எதைக் கொடுத்தாலும் தீராது. விடியற்காலைத் தூக்கத்தைக் கொடுத்தது போதவில்லை, போன் போதவில்லை, 40 சென்ட் போதவில்லை, கடைசியில் கழுத்தை நீட்டச் சொன்னார்கள். அதனால் பூங்காவில் அந்தத் தம்பி சொல்வதும் அக்கா சொல்வதும் ஒரே விஷயம்தான். நிம்மதி இல்லாத இடத்தில் யார் ஒன்பது வருடம் இருப்பார்? பாட்டு வந்தால் பாடுங்கள். தொண்டை உங்களுடையது.

'தூசி' என்ற அந்தச் சொல்லைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1950களில் ஹாங்காங்கில் 40 பேரிடம் பேசினார். 25 பேர் மேலை நாட்டினர், 15 பேர் சீனர்கள். சீனாவில் 'சிந்தனைச் சீர்திருத்தம்' என்ற பெயரில் நடந்த பயிற்சிக்குள் கிடந்துவிட்டு வந்தவர்கள். அது மதமே இல்லை, அரசியல். ஆனால் 1961இல் அவர் பட்டியலிட்ட எட்டு அடையாளங்களில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, ஓயாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது. இன்னொன்று, எந்த யோசனையையும் ஒரே சொல்லால் முடித்துவைக்கும் குழுவுக்கென்ற மொழி. உங்கள் நோட்டும் தூசியும்தான். நிலத்தை எதற்குக் கொடுக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. கேள்வி என்றால் பதில் சொல்ல வேண்டும். தூசி என்று பெயர் வைத்துவிட்டால் துடைத்தால் போதும். நீங்களே துணி எடுத்துத் துடைப்பீர்கள்.

இந்த மாதிரிக் குழு என்றாலே எல்லோருக்கும் 1978இல் தென் அமெரிக்காவின் கயானாவில் ஒரே குழுவைச் சேர்ந்த 900க்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனதுதான் நினைவுக்கு வருகிறது. அப்படிப் பிணம் விழாதவரை மற்றதெல்லாம் பக்தி என்று விட்டுவிடுகிறார்கள்.

சரி, நிலம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. "யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் கையை மட்டும் பார்ப்பதில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆவது பிரிவு 'தகாத செல்வாக்கு' பற்றியது. ஒருவர் மனதை ஆட்டிவைக்கும் இடத்தில் இன்னொருவர் இருந்து, அந்த இடத்தைப் பயன்படுத்தி ஆதாயம் அடைந்தால் அந்த ஏற்பாட்டை ரத்து செய்யக் கேட்கலாம். தானத்துக்கும் இது பொருந்தும். 1890இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் மன்னு சிங் எதிர் உமாதத் பாண்டே என்று ஒரு வழக்கு. மறுமையில் ஆன்மாவுக்கு நல்லது என்று ஒரு முதியவர் சொத்து முழுவதையும் தன் குருவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். நீதிமன்றம் அந்தப் பத்திரத்தை ரத்து செய்தது. குரு சிஷ்யன் உறவு அப்படிப்பட்ட உறவு என்பது நம் கோர்ட்டுக்கு 130 வருடமாகத் தெரியும்.

ஆனால் இன்னொரு வழக்கும் உண்டு, லண்டனில், 1887இல். ஆல்கார்ட் என்ற பெண் ஒரு கன்னியர் குழுவில் சேர்ந்து தன் சொத்தைத் தலைவிக்குக் கொடுத்தார். தலைவி அனுமதி இல்லாமல் வெளியாள் யாரிடமும் யோசனை கேட்கக் கூடாது என்பது அங்கே விதி. (உங்கள் போன் யாரிடம் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.) அது சுதந்திரமான மனதோடு கொடுத்த கொடை இல்லை என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். இருந்தும் ஆல்கார்ட் தோற்றார். வெளியே வந்து ஏறக்குறைய ஆறு வருடம் சும்மா இருந்துவிட்டார் என்பது காரணம். அவர் ஏன் சும்மா இருந்தார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். கொடுத்ததைத் திரும்பக் கேட்பதா என்ற வெட்கம். நம் ஊரில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க மூன்று வருடம்தான் கெடு. அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். ஜெயிப்பீர்கள் என்று நான் சொல்லவில்லை. வெட்கத்தால் நாள் தவறிவிடக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

அம்மா விஷயத்தில் சட்டம் எதுவும் செய்யாது. பெரியவர்களிடம் கேட்டால் 'தள்ளி வைப்பது' பற்றிச் சொல்வார்கள். தண்ணி கொடுக்கக் கூடாது, நெருப்பு கொடுக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. ஊர் செய்ததை இப்போது குழு செய்கிறது. அந்தக் காலத்தில் தள்ளி வைக்கப்பட்டவனுக்கு ராத்திரியில் கொல்லைப்பக்கமாக ஒரு சொம்புத் தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்கிறீர்கள். பக்கத்தில் குழுவைச் சேர்ந்தவர் யாராவது இருந்தார்களா? இருந்திருந்தால், அந்த முகம் உங்களுக்காகத் திருப்பப்பட்டது இல்லை.

அவரிடம் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். நீங்கள் ஒரு குறை சொன்னால் அவர் பத்து நியாயம் தேட வேண்டியிருக்கும், தேடித் தேடி இன்னும் இறுகுவார். மாதம் ஒரு போஸ்ட் கார்டு போடுங்கள். படித்தாரா என்று கேட்காதீர்கள். முட்டிவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா, இந்த வருஷம் புளி தட்டப் போகிறாரா, கிலோவுக்கு என்ன கூலி, இவ்வளவுதான். அது பாட்டுக்கு இருக்கட்டும் அந்தக் கார்டு. நான் இருந்த குழுவிலிருந்து வெளியே வந்த ஒருவர், தன் தங்கை நாலு வருடம் அனுப்பிய பொங்கல் வாழ்த்துகளை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்ததாகச் சொன்னார். ஒன்றுக்கும் பதில் போடவில்லை. வெளியே வந்த அன்று நேராக அந்தத் தங்கை வீட்டுக்குத்தான் போனார்.

தானப் பத்திரத்தின் நகல் உங்களிடம் இல்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். அதற்காக ஐயாவிடம் போக வேண்டாம். அது பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டால் சான்றிட்ட நகல் கொடுப்பார்கள். தனியாகப் போகாதீர்கள், அந்தத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். கோபக்காரன் என்கிறீர்களே, கவுன்டரில் நிற்கும்போது உதவும்.