அரசு இணையத்தில் கருத்து கேட்கும்போது நாம் எழுதி அனுப்புவதை யாராவது படிக்கிறார்களா?

எல்லா இடத்திலும் படிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படித்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு; அதில் ஓர் ஓரமாக நானும் இருந்தேன். வாட்ஸப்பில் வந்த ஏதோ ரெடிமேட் மடலை அனுப்பலாமா வேண்டாமா என்ற யோசனையில்தான் கேட்டிருப்பீர்கள் என நினைக்கிறேன்.

2015 டிசம்பரில், டெலிகாம் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான டிராய் ஒரு விஷயம் கேட்டது: சில தளங்களுக்கு மட்டும் டேட்டா கட்டணத்தைக் குறைக்க டெலிகாம் கம்பெனிகளை அனுமதிக்கலாமா? மொத்தமே நான்கு கேள்விகள். அதே சமயம் ஃபேஸ்புக், குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் இலவசமாகப் பார்க்கத் தரும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்காகப் பெரிய பிரசாரம் நடத்தியது. இன்னார் டிராய்க்கு மடல் அனுப்பிவிட்டார், நீங்களும் அனுப்புங்கள் என்று நோட்டிஃபிகேஷன் வரும். எனக்கு வந்ததில் என் மச்சான் பெயர்! போன் போட்டேன். "ஃப்ரீயா நெட் தர்றாங்களாம் மாப்ள, அமுக்கிட்டேன்" என்றார்.

நான் உட்கார்ந்து நான்கு கேள்விக்கும் பதில் எழுதினேன். சட்ட அறிவெல்லாம் கிடையாது. பழைய பாடப்புத்தகம் விற்கும் சின்னத் தளம் ஒன்று வைத்திருந்தேன். எது இலவசம் என்று கம்பெனி முடிவு செய்தால் அந்தப் பட்டியலுக்குள் என்னைப் போன்றவன் எப்படி நுழைவது என்று கேட்டிருந்தேன், அவ்வளவுதான்.

2016 ஜனவரியில், கருத்துக் கேட்பைத் தலை எண்ணும் வாக்கெடுப்பாக மாற்றாதீர்கள் என்ற பொருளில் டிராய் ஃபேஸ்புக்குக்குக் கடிதம் எழுதியது. குவிந்த மடல்களில் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்பதே அதன் குறை. பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் மாறும் டேட்டா கட்டணங்களுக்குத் தடை வந்தது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். வெறும் தலையை எண்ணியிருந்தால் மச்சான் பக்கம்தான் ஜெயித்திருக்கும்.

ஃப்ரீ பேசிக்ஸை எதிர்த்தவர்களும் ரெடிமேட் மடல்தானே அனுப்பினார்கள் என்று யாராவது வருவீர்கள். ஆமாம், ஆனால் அதில் நான்கு கேள்விக்கும் பதில் இருந்தது. என் மடலால்தான் எங்கள் பக்கம் ஜெயித்தது என்றும் நான் சொல்லவில்லை.

டிராய் தனக்கு வந்த கருத்துகளைத் தன் தளத்தில் போட்டுவிடும். எல்லோரும் அப்படியில்லை. 2022இல் தரவுப் பாதுகாப்பு மசோதாவுக்கு வரும் கருத்துகளை வெளியிடப் போவதில்லை என்று மத்திய அரசு முன்கூட்டியே சொல்லிவிட்டது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை, அதாவது ஆலை போன்றவற்றால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று பார்க்கும் விதிகளின் வரைவை, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் தரச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம்; அதற்கு மனமில்லாமல் மத்திய அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் இங்கிலீஷில் படித்துக் கருத்து சொல்ல வேண்டுமாம்!

அதனால் ரெடிமேட் மடலை அப்படியே அனுப்பாதீர்கள். கேள்வி எண்ணைப் போட்டு, உங்கள் வேலையோடு ஒட்டிய இரண்டு வரியாவது எழுதுங்கள்.

அரசை மட்டும் சொல்வானேன்? எங்கள் அபார்ட்மெண்ட் சங்கம் தண்ணீர் லாரிக்கு மாதக் கட்டணத்தை ஏற்ற வாட்ஸப்பில் கட்டைவிரல் கேட்டது. லாரி பில்லைக் காட்டுங்கள் என்றேன். சாயங்காலமே குரூப்பில் அட்மின்கள் மட்டும்தான் எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள். கட்டணம் ஏறிவிட்டது, பில் இன்னும் வரவில்லை.