தடுப்பூசிக்கு முந்தைய 54 வருடங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நுண்ணுயிரியலில் முதுநிலைப் படிப்பை முடிக்கப் போகிறேன். தொற்றுநோய்களை நம் உடம்பு எப்படி எதிர்க்கிறது என்பதில் ஆராய்ச்சி செய்ய ஆசை. "ஒரு தடுப்பூசி வெளியே வருவதற்குள் உன் ஆயுளே முடிந்துவிடும், பேசாமல் கம்பெனி வேலைக்குப் போ" என்கிறார்கள். பலன் கண்ணில் படாத வேலையில் ஒருவர் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மலேரியா ஆராய்ச்சியாளர் ரூத் நுசென்ஸ்வைக்தான் நினைவுக்கு வந்தார். 1928-இல் வியன்னாவில் பிறந்த யூதப் பெண். நாஜிகளிடமிருந்து தப்பி பிரேசிலுக்குப் போன குடும்பம். சாவோ பாவ்லோவில் மருத்துவம் படிக்கும்போதே, பின்னாளில் கணவரான விக்டரோடு, ஒட்டுண்ணியால் வரும் சாகாஸ் நோய் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினார். அந்த ஒட்டுண்ணி தானமாகப் பெற்ற ரத்தத்தின் வழியாகவும் பரவும். ரத்தத்தில் ஜென்ஷன் வயலட் சாயத்தைக் கலந்து வைத்தால் அது செத்துவிடும் என்று அவர்கள் காட்டினார்கள். மாணவப் பருவத்திலேயே கைமேல் பலன்!

அப்புறம் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மலேரியாவை எடுத்துக்கொண்டார். அது லேசில் பிடிகொடுக்கிற நோய் இல்லை.

கொசு கடிக்கும்போது உடம்புக்குள் இறங்கும் மலேரியா ஒட்டுண்ணியின் வடிவத்துக்கு ஸ்போரோசோயிட் என்று பெயர். வெகு சீக்கிரம் கல்லீரல் செல்லுக்குள் புகுந்துவிடும். ரூத் அந்த ஸ்போரோசோயிட்களை எக்ஸ் கதிரால் பலவீனப்படுத்தி எலிகளுக்குச் செலுத்தினார். பிறகு வீரியமுள்ள ஒட்டுண்ணியைச் செலுத்தியும் பல எலிகளுக்கு நோய் வரவில்லை. இது 1967-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

இதற்குப் பின்னால் உள்ள கைவேலையைக் கொஞ்சம் பாருங்கள். கொசுவை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஊசி முனையால் தலையை மெல்ல இழுக்க வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பிகள் கூடவே வரும். ஒட்டுண்ணி இருப்பது அதற்குள்தான். ஒரு கொசு முடிந்தால் அடுத்த கொசு. கதிரின் அளவும் பிசகக் கூடாது. குறைந்தால் ஒட்டுண்ணி பிழைத்து நோயைக் கொடுத்துவிடும். மிஞ்சினால் செத்துப்போகும், செத்த ஒட்டுண்ணியால் பாதுகாப்பு கிடைக்காது. கல்லீரல் செல்லுக்குள் நுழைந்து, அங்கேயே வளர்ச்சி நின்றுபோகும் நிலைதான் வேண்டும்.

சரி, உடம்பு எதைப் பார்த்து எதிரியை அடையாளம் கண்டது? அடுத்த கேள்வி அதுதான். ஸ்போரோசோயிட்டின் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் ஒரு புரதத்தை 1980-இல் அவரது குழு பிடித்தது. அதைத் தாக்கும் ஆன்டிபாடி (நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) எலிகளைக் காத்தது. சில வருடங்களில் அந்தப் புரதத்தின் மரபணுவும் கிடைத்தது. அதே புரதத்தின் ஒரு பகுதியை வைத்துத்தான் ஆர்டிஎஸ்,எஸ் என்ற மலேரியா தடுப்பூசி உருவானது. உலக சுகாதார நிறுவனம் அதைக் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தது 2021 அக்டோபரில். ரூத் 2018-லேயே இறந்துவிட்டார். 2023-இல் பரிந்துரைக்கப்பட்ட ஆர்21 தடுப்பூசிக்கும் அடிப்படை அந்தப் புரதம்தான்.

இதைச் சொன்னால் "பார்த்தீர்களா, ஆயுள் முடிந்துவிட்டதே" என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் தடுப்பூசிக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. பாதுகாப்பு வருமா, எதனால் வருகிறது, எந்தப் புரதம் என்று ஒவ்வொரு கேள்விக்கும் அவர் காலத்திலேயே பதில் கிடைத்தது. அந்தப் பதில்களே ஒரு ஆராய்ச்சியாளருக்குப் போதுமான பலன் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியின் பாதுகாப்பு முழுமையானது இல்லை, காலப்போக்கில் குறையவும் செய்கிறது. ஆனால் மலேரியாவால் வருடத்துக்குச் சுமார் 6 லட்சம் பேர் இறக்கிறார்கள்; பெரும்பாலானவர்கள் ஆப்பிரிக்காவின் சின்னக் குழந்தைகள். இந்த நோயில் பாதிப் பாதுகாப்பைக்கூட அலட்சியமாகப் பேச எனக்கு மனம் வராது.

இன்னொன்று, கம்பெனி வேலையைத் தாழ்வாக நினைக்காதீர்கள். ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியை வருடக்கணக்கில் உழைத்து ஊசிக்குப்பி வரை கொண்டுவந்தவர்களில் கிளாக்ஸோஸ்மித்கிளைன் என்ற மருந்துக் கம்பெனியின் விஞ்ஞானிகளும் உண்டு.

முனைவர் பட்டத்துக்கு ஆய்வகம் தேடும்போது, "எந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டாம். மூன்று வருடத்தில் பதில் தெரியக்கூடிய எந்தக் கேள்வியை உங்களிடம் தருவார்கள் என்று கேளுங்கள். அங்கே இருக்கும் மாணவர்களிடமும் தனியாகப் பேசுங்கள். அவர்கள் தினமும் செய்யும் வேலையைச் சலிக்காமல் உங்களால் செய்ய முடியும் என்று தோன்றினால் சேர்ந்துவிடுங்கள்.