கம்பத்துக் கமராவும் கையிலுள்ள போனும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கட சந்தியில் உயரமான கம்பத்தில் கமரா பூட்டியிருக்கிறார்கள். அந்த வழியால் போகும் ஒவ்வொருவரும் யாரென்று உடனே தெரிந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: படம் பிடிப்பது ஒரு வேலை, ஆள் யாரென்று சொல்வது இன்னொரு வேலை. முன்பின் தெரியாத ஒருவரைப் படத்தை வைத்து அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் மீற்றருக்கு 250 பிக்சல் (படத்தை ஆக்கும் சின்னப் புள்ளிகள்) வேண்டும் என்பது கமரா வேலை தெரிந்தவர்கள் வைத்திருக்கும் சர்வதேச அளவு. தெரிந்த முகமென்றால் 125 போதும். யாரோ நடமாடுகிறார்கள் என்று அறிய மட்டும் 25. சாதாரண 2 மெகாபிக்சல் கமராவின் படம் 1920 பிக்சல் அகலம். 250 ஆல் பிரித்துப் பாருங்கள், 7.7 மீற்றர் வரும்; அவ்வளவு அகலத்தை மட்டும் பார்த்தால்தான் ஆளை அடையாளம் காணலாம். அதே கமரா 40 மீற்றர் அகலமான சந்தி முழுவதையும் பார்த்தால் மீற்றருக்கு 48 பிக்சல்தான் மிஞ்சும். சேலையின் நிறம் தெரியும், முகம் தெரியாது. 6 மீற்றர் உயரத்தில் இருக்கும் கமராவுக்குக் கம்பத்தின் கிட்ட வருபவரின் உச்சந்தலைதான் தெரியும். இரவில் ஷட்டர் மெதுவாகும், நடப்பவர் உருவம் கலங்கும். கமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், காற்றில் ஆடும் வலை படம் முழுக்க வெள்ளையாக மின்னும். கரையோர ஊர்களில் உப்புக்காற்று கண்ணாடியில் படிந்து, துடைக்காமல் விட்டால் பகலிலும் பனிமூட்டம்தான்.

ஆனால் ஒடுக்கமான ஒரு பாதையை மட்டும் நெருக்கிப் பார்க்கும் கமரா வேலை செய்யும். கொழும்பில் வீதி விதி மீறும் வாகனங்களைக் கமரா பார்த்துத் தண்டம் விதிப்பது 2024 ஜனவரியில் தொடங்கிவிட்டது. முகத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்கு, ஒப்பிட்டுப் பார்க்கப் பெயரோடு கூடிய முகப்படத் தொகுப்பும் வேண்டும். அந்தத் தொகுப்பு எங்கிருந்து வருகிறது, யார் கையில் இருக்கிறது என்பதுதான் நாம் விடாமல் கேட்க வேண்டியது. மென்பொருள் 'இவர்தான்' என்று சொல்வதில்லை, 'இவ்வளவு ஒத்துப்போகிறது' என்று ஓர் எண்ணைத்தான் கொடுக்கும். அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரப் பொலிஸ் 2020 ஜனவரியில் அப்படி ஒத்துப்போன முகத்தை நம்பி ஒருவரை அவர் வீட்டு வாசலில் கைது செய்தது. ஆள் மாறிப்போயிருந்தது. முகத்தை மூடிக்கொண்டு தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டியின் முன்னால் வரிசையில் நின்றவர்கள் இன்னும் நம்மோடு வாழும் மாவட்டம் இது. பார்ப்பவர் முகம் தெரியாமல், ஏன் தலையசைத்தார் என்று கேட்கவும் வழியில்லாமல் நின்றவர்களின் பயத்தை அறியாமை என்று நாங்கள் ஒருநாளும் சொல்லமாட்டோம்.

கேள்வி: போனில் லொக்கேஷனை நிறுத்திவைத்தால் நான் இருக்கும் இடம் யாருக்கும் தெரியாதுதானே?
– வாசகர், கல்முனை

பதில்: தெரியும். ஜிபிஎஸ் செய்மதி உங்களைப் பார்ப்பதே இல்லை. அது நேரத்தை ஒலிபரப்புகிறது, போன் கேட்டுத் தன் இடத்தைத் தானே கணக்கிடுகிறது. லொக்கேஷனை நிறுத்தினால் அந்தக் கணக்கு அப்களுக்குப் போகாது, அவ்வளவுதான். சிம் போட்டு ஒன் செய்த போன், கோல் எடுக்காவிட்டாலும் டவரோடு பேசிக்கொண்டே இருக்கும். எந்த டவர், டவரின் எந்தப் பக்கம் என்பது கம்பனிக்குத் தெரியும். டவர் நெருக்கமாக உள்ள நகரத்தில் சில நூறு மீற்றருக்குள் வரும், படுவான்கரை வயல்வெளியில் சில கிலோமீற்றர் பிசகும். சிம்மை மாற்றினாலும் போனின் 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ மாறாது (*#06# அழுத்தினால் தெரியும்). ஃப்ளைட் மோட் போட்டால்தான் டவரோடு பேச்சு நிற்கும்.

உங்கள் கையில் இருப்பது அப்களின் கதவு. அன்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸ், லொக்கேஷன், அப் பெர்மிஷன்ஸ் என்று போங்கள். 'எல்லா நேரமும்' என்ற தலைப்பின் கீழ் உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து 'பாவிக்கும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். டோர்ச், கல்குலேட்டர், கேம் போன்றவற்றுக்கு அனுமதியே வேண்டாம். வானிலை அப்புக்குத் துல்லியமான இடம் எதற்கு? அன்ட்ரொய்ட் 12 முதல் 'பிரிசைஸ்' என்பதை மட்டும் தனியாக நிறுத்தலாம். பிறகு லொக்கேஷன் சேர்விசஸ் உள்ளே வைஃபை ஸ்கேனிங், ப்ளூடூத் ஸ்கேனிங் இரண்டையும் நிறுத்துங்கள். வைஃபையை ஓஃப் செய்திருந்தாலும் அக்கம்பக்கத்து ரவுட்டர்களைத் தேடி இடத்தைக் கணிப்பது இந்த ஸ்கேனிங்தான்.

கேள்வி: கணவர் கட்டாரில். அக்கரைப்பற்று டவுனுக்குப் போனாலும் 'அங்கே என்ன வேலை' என்று கோல் வருகிறது. போன் அவர் வாங்கி அனுப்பியது.
– பெயர் வேண்டாம், அம்பாறை மாவட்டம்

பதில்: முதலில் செட்டிங்ஸில் கூகுள் என்பதைத் திறந்து, மேலே யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். அவருடையதென்றால், தொலைந்த போனைத் தேடும் வசதி மூலமே உங்கள் இடம் அவருக்குத் தெரியும். அடுத்தது கூகுள் மெப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு லொக்கேஷன் ஷெயாரிங். மூன்றாவது வட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ், இது இடத்தைக் காட்டாது, செய்திகளைக் காட்டும். கடைசியாக, அக்சசிபிலிட்டியிலும் டிவைஸ் அட்மின் அப்ஸிலும் தெரியாத பெயர் ஏதும் உண்டா என்று பாருங்கள். உளவு அப் தங்குவது பெரும்பாலும் அங்கேதான். போனை முழுதாக அழித்துத் தொடங்குவதானால், அதற்கு முன் பழைய கணக்கை நீக்குங்கள், இல்லாவிட்டால் அழித்த பிறகும் அவருடைய பாஸ்வேர்டைக் கேட்கலாம்.

ஒன்றைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். நிறுத்திய உடனே மறுபக்கத்தில் உங்கள் புள்ளி மறையும், கேள்வி வரும். அடி, மிரட்டல், காசு நிறுத்துவது என்று ஏதாவது பயம் இருந்தால் எதையும் தொடாமல், வேறொருவர் போனில் இருந்து 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்குப் பேசுங்கள்.

கேள்வி: நகரத்தில் பூட்டும் கமராக்களைப் பற்றி நாங்கள் கேள்வி கேட்க முடியுமா?
– வாசகர், ஏறாவூர்

பதில்: முடியும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான். கமராவைப் பூட்டிய அரச நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. கமரா எங்கெங்கே இருக்கிறது என்று கேட்டால் தேசிய பாதுகாப்பு என்று மறுக்க இடம் கொடுப்பீர்கள். இப்படிக் கேளுங்கள்: செலவு எவ்வளவு, ஒப்பந்தத்தின் பிரதி, பதிவு எத்தனை நாள் இருக்கும், பார்க்க அனுமதி எந்தப் பதவியினருக்கு, பார்த்தவர் பெயர் பதியப்படுகிறதா, முகம் அறியும் மென்பொருள் உண்டா.

நாள் கணக்கை நீங்களே சரிபார்க்கலாம். செக்கனுக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கமரா நாளுக்கு 21.6 ஜிபி எடுக்கும். 4 கமராவுக்கு 1 டிபி டிஸ்க் 11 நாளில் நிரம்பிவிடும். '7 நாள்தான்' என்று சொல்லிவிட்டு அதே 4 கமராவுக்கு 8 டிபி வாங்கியிருந்தால் மீண்டும் கேளுங்கள். அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்க என்று பூட்டிய தெருவிளக்குகளில் கமராவும் இருந்தது. அதைப் பொலிஸ் பாவிப்பது சனத்துக்குத் தெரியவந்தது 2019 இல், எதிர்ப்பில் அணைக்க உத்தரவு வந்தது 2020 இல். பூட்டும்போதே ஒப்பந்தத்தைக் கேட்டு வாசித்திருந்தால் அவ்வளவு காலம் போயிருக்காது.

விண்ணப்பத்துக்குத் திகதியோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 14 நாட்களுக்குள் அங்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவர் 3 வாரத்துக்குள் தீர்மானிக்க வேண்டும், பிறகு 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு. தனியார் கடைக் கமராவுக்கு இந்தச் சட்டம் செல்லாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேறியும் முக்கியப் பிரிவுகள் தள்ளிப்போடப்பட்டன, அது எங்களுக்கு மிகவும் கவலை.

கேள்வி: வட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் வீடு இருக்கும் இடமும் போகுமா?
– வாசகி, காத்தான்குடி

பதில்: படமாக அனுப்பினால் வட்ஸ்அப் இடக்குறிப்பைக் கழற்றிவிடும். டொக்கியுமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். கமரா செட்டிங்ஸில் லொக்கேஷன் டெக்ஸை இன்றே நிறுத்திவிடுங்கள், அதற்கு முன் எடுத்த படங்களில் குறிப்பு இருந்துகொண்டே இருக்கும்.