பிள்ளைகளின் மனநலம்: பெற்றோர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் ஒன்பது வயது மகளுக்குப் பள்ளி நாள்களில் மட்டும் காலையில் வயிறு வலிக்கிறது. உடலில் கோளாறு எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நடிக்கிறாளா?

பதில்: இல்லை. பதற்றம் குடலின் இயக்கத்தையே மாற்றக்கூடியது என்பதால் அந்த வலி உண்மையானது. ஆனால் வலிக்கிறதே என்று வீட்டில் இருத்திக்கொண்டால், ஒதுங்கினால் நிம்மதி கிடைக்கும் என்பதை அவள் மனம் கற்றுக்கொள்ளும். மறுநாள் பயம் இன்னும் பெரிதாகும். ஆகவே பரிவோடு, ஆனால் தவறாமல், பள்ளிக்கு அனுப்புங்கள். காரணத்தைக் காலை அவசரத்தில் விசாரிக்க வேண்டாம். மாலையில் இருவரும் துணி மடிக்கும்போது, "பள்ளியில் எந்த நேரம் உனக்கு மிகவும் சிரமமாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகள்கூட, கைக்கு வேலை இருக்கும்போது பேசுவார்கள். என்னிடம் அழைத்துவரப்பட்ட ஒரு சிறுமி, மூன்றாவது சந்திப்பில் வண்ணம் தீட்டிக்கொண்டே, பள்ளிக் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்திருப்பதைச் சொன்னாள். அதற்காகவே அவள் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள். "அக்கா போகவில்லையா?" என்று ஒப்பிட்டு மட்டும் பேசிவிடாதீர்கள்.

கேள்வி: மகனுக்குப் பதினான்கு வயது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். வயதுக் கோளாறு என்று விட்டுவிடலாமா?

பதில்: வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு பல நேரங்களில் அழுகையாக வராமல் எரிச்சலாகவே வெளிப்படும். எரிச்சலோடு தூக்கம், பசி, நட்பு, பிடித்த விளையாட்டு ஆகியவற்றிலும் மாற்றம் தெரிந்து, அது 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தூக்கத்தையும் கவனியுங்கள், அவன் வயதுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை.

கேள்வி: கைப்பேசியை எத்தனை மணி நேரம் அனுமதிக்கலாம்?

பதில்: மணிக்கணக்கைவிட, அது எதைப் பறித்துக்கொள்கிறது என்று பாருங்கள்: தூக்கத்தையா, விளையாட்டையா, பேச்சையா? இரவில் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும், பெற்றோருடையவை உட்பட, படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி: கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. முந்தைய பதிலை முழுவதும் படியுங்கள்.

கேள்வி: மகளுக்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

கேள்வி: "செத்துப்போனால் நன்றாக இருக்கும்" என்று மகள் சொன்னாள். பயந்துபோய்ப் பேச்சை மாற்றிவிட்டேன்.

பதில்: இன்றே அந்தப் பேச்சுக்குத் திரும்புங்கள். "நீ சொன்னது என் மனத்தை விட்டுப் போகவில்லை. உயிரை விட்டுவிடலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

மற்றொருவர்: அப்படிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிட மாட்டோமா?

பதில்: மாட்டோம். இந்த அச்சம் பலகாலமாக இருப்பதால் இதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதாகத் தெரியவரவில்லை. கேட்காத வீட்டில்தான் பிள்ளை அதைத் தனியே சுமக்கிறது.

அதே வாசகர்: அந்தச் சொல்லை உச்சரிக்கவே எனக்கு நா எழாதே.

பதில்: பெற்ற மனத்துக்கு அது இயல்புதான். முதலில் தனியறையில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிள்ளை "ஆம்" என்றால், உனக்கு என்ன குறை என்று வாதாடாமல், "என்னிடம் சொன்னாயே, அதுவே பெரிது" என்று கையைப் பற்றிக்கொள்ளுங்கள். மாத்திரைகளையும் பூச்சிக்கொல்லியையும் பூட்டி வையுங்கள், தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். போகும் வழியிலும்கூட வேறெந்தப் பிள்ளையோடும் ஒப்பிட்டு ஒரு சொல் வேண்டாம்.