இரட்டைச் சடையும் தடித்த கண்ணாடியும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: சுமாரான பெண் திடீரென அழகியாகிவிடும் காதல் நகைச்சுவைப் படங்கள். ராமநாதபுரத்தில் அழகு நிலையம் வைத்துக்கொண்டு, தொண்டியிலிருந்து ராமேசுவரம் வரை கல்யாணப் பெண்களுக்கு ஒப்பனை செய்துவருகிறவளிடம் இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்கள்!

கல்லூரி மாணவி, பாம்பன்: அக்கா, விடுதியில் தோழிகளோடு ஒரு படம் பார்த்தேன். முதல் பாதியில் எண்ணெய் வழியும் முகம், இரட்டைச் சடை, தடித்த கண்ணாடி. ஒரே பாட்டில் கதாநாயகி தேவதையாகிவிடுகிறாள். நிஜத்தில் அது நடக்குமா?

நடக்கும் தங்கச்சி. அந்தப் பாட்டில் அவர்கள் ஒப்பனை போடுவதில்லை, கலைக்கிறார்கள். வேலையெல்லாம் முதல் பாதியில்தான். நல்ல நிறமுள்ள நடிகைக்கு இரண்டு படி கறுப்பாகப் பவுண்டேஷன், மூக்கின் இரு பக்கமும் கொஞ்சம் மினுமினுப்பு, திருத்தாத புருவம் போலத் தோன்றப் பென்சிலில் கோணல்மாணலாக நாலைந்து முடி, தோள் தெரியாத தொளதொளச் சுடிதார். உச்சந்தலைக்கு மேலே விளக்கைக் கட்டிவிட்டால் யாருக்கும் கண்ணுக்குக் கீழே பள்ளம் விழும். பாட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விளக்கை எதிரே நகர்த்துவார்கள். அவ்வளவுதான் மாயம்.

என் நிலை வேறு. நான் போட்டது தாலி கட்டும்வரை நிற்க வேண்டும். பாம்பன் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து வரும். மண்டபத்தில் மின்விசிறி நின்றால் மேலுதட்டிலிருந்து கரைய ஆரம்பித்துவிடும். சினிமாவில் 'கட்' சொல்லி ஒற்றியெடுக்க ஆள் இருக்கிறது. இங்கே மணவறையில் புகைக்கு நடுவே பெண்ணின் அத்தை முந்தானையால் ஒரே இழுப்பாகத் துடைத்துவிடுவார்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், மண்டபம்: இவ்வகைக் கதைகளுக்கெல்லாம் தாய் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம் என்பேன். அதிலிருந்து வந்த 'மை ஃபேர் லேடி' பார்த்ததுண்டா?

பார்த்திருக்கிறேன் ஐயா, ஒப்பனைக்காரியின் கண்ணோடு. 1964இல் வந்த படம். லண்டன் கோவென்ட் கார்டனில் பூ விற்கும் எலைசாவாக ஆட்ரி ஹெப்பர்ன்; அவளைச் சீமாட்டி போலப் பேசப் பழக்குகிறார் ஒரு பேராசிரியர். உலகமே அழகி என்று கொண்டாடிய முகத்தில் கரி பூசி அழுக்காக்கியிருந்தார்கள். நமது ஊர்ப் படங்கள் இரட்டைச் சடையில் செய்வதை அவர்கள் புகைக்கரியில் செய்தார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது அஸ்காட் குதிரைப் பந்தயக் காட்சி. குளிக்க வைத்தாயிற்று, செசில் பீட்டன் வடிவமைத்த உடையும் பெரிய தொப்பியும் போட்டாயிற்று, சீமாட்டிகளுக்கு நடுவே உட்கார வைத்தாயிற்று. உச்சரிப்பு அச்சுப் பிசகாமல் வருகிறது. அந்த அழகான உச்சரிப்பில், தன் சித்தியை யாரோ தீர்த்துக்கட்டிவிட்டதாகக் கதை சொல்கிறாள்! பிறகு குதிரையைப் பார்த்து ஒரு கத்தல். துணியை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம், பேச்சை முடியாது என்று தெரிந்த ஆள் எழுதிய காட்சி. மற்ற படங்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிக் குதித்துவிடுகின்றன. கண்ணாடியைக் கழற்றியதும் அந்தப் பெண்ணுக்குப் பேச்சு, நடை, தைரியம் எல்லாம் தானாக வந்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. பெண்ணுக்குக் குரலைப் பழக்குவதுதான் கதை. படத்தில் எலைசாவின் பாட்டுகளில் பெரும்பாலும் கேட்பது மார்னி நிக்சன் என்ற பாடகியின் குரல். படம் 8 ஆஸ்கர் வாங்கியது. ஹெப்பர்ன் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை. 1956 முதல் மேடையில் எலைசாவாக நடித்து, படத்தில் வாய்ப்பு கிடைக்காத ஜூலி ஆண்ட்ரூஸ் அதே ஆண்டு வேறொரு படத்துக்காகச் சிறந்த நடிகை விருதைக் கொண்டுபோனார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

முடிவு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். படத்தில் எலைசா திரும்பி வருகிறாள். பேராசிரியர் தன் செருப்பு எங்கே என்று கேட்கிறார். ஷாவுக்கு அந்த இருவரைச் சேர்த்துவைப்பதே பிடிக்காது. நாடகத்துக்குப் பின்னுரை எழுதி, அவளை வேறு ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்து, பூக்கடை வைக்க வைத்தார். கடை முதலில் தடுமாறுகிறது; புருஷனும் பெண்டாட்டியும் கணக்கெழுதும் வகுப்புக்குப் போகிறார்கள். கடை நடத்துகிறவளாகச் சொல்கிறேன், மை தீட்டக் கற்றுக்கொள்வதைவிட வரவு செலவு எழுதக் கற்றுக்கொள்வது கடினம். அந்தக் கணக்கு வகுப்பைப் படமாக எடுத்தால் முதல் டிக்கெட் எனக்கு.

படகு எஞ்சின் மெக்கானிக், தொண்டி: சுமாரான ஆணை அழகனாக்கும் படம் ஏன் அதிகம் வருவதில்லை?

தாடியும் கைலியுமாகத் திரியும்போதே கதாநாயகி காதலித்துவிடுகிறாளே தம்பி, பிறகு எதற்கு வீண் செலவு?

இல்லத்தரசி, சாயல்குடி: உங்களிடம் பணம் கொடுத்து இப்படி ஒரு படம் எடுக்கச் சொன்னால்?

கதாநாயகி பாம்பன் தீவில் சின்னப்பாலத்துக்காரி, கடல்பாசி எடுக்கிறவள். அங்கே பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு, கண்ணில் கண்ணாடி மாட்டி மூச்சடக்கி முங்குகிறார்கள். பாறையில் பிடித்திருக்கும் பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வருகிறார்கள். சென்னையிலிருந்து வரும் கதாநாயகன் வழக்கம்போல, "அந்தக் கண்ணாடியைக் கழற்றினால் நீ எவ்வளவு அழகு தெரியுமா?" என்பான். "கழற்றினால் தண்ணீருக்குள் பாசி தெரியாது, நீங்கள் முங்குகிறீர்களா?" என்பாள். மாற்றமெல்லாம் அவனுக்குத்தான். இடைவேளைக்குள் அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்துவிடுவேன். பாட்டு இரண்டு போதும்.

பெயர் வேண்டாம், தேவிபட்டினம்: மகள் கறுப்பு. அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் வெளுக்க ஒரு கிரீம் சொல்லுங்கள் அக்கா.

சொல்ல மாட்டேன். சீக்கிரம் வெளுக்கும் என்று விற்கும் கிரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது, சிலவற்றில் பாதரசம். ஸ்டீராய்டு முதலில் பளபளப்பாகக் காட்டும். பிறகு தோல் மெலிந்து, வெயிலில் நின்றால் எரிந்து சிவக்கும், பரு கிளம்பும். ஏற்கெனவே ஏதாவது தடவிக்கொண்டிருந்தால் தோல் மருத்துவரிடம் டியூபோடு போங்கள். திடீரென நிறுத்தினாலும் சில பேருக்கு முகம் கொந்தளிக்கும்.

1963இல் வந்த 'நானும் ஒரு பெண்' உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கும். விஜயகுமாரியைக் கறுப்பாக்கி நடிக்க வைத்தார்கள். கடைசிவரை அவர் வெளுக்கவில்லை. கண்ணனைப் பார்த்து அவர் பாடும்போது கொட்டகையில் அழாதவர் குறைவு என்பார்கள்.

பெண் பார்க்கும் அன்று வாசல் பக்கம் பார்த்து உட்கார வையுங்கள், குழல்விளக்குக்கு நேர் கீழே வேண்டாம். மாம்பழ நிறமோ அரக்கோ கட்டட்டும். வெளிர் ரோஜா நிறத்தை அண்ணன் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிடுங்கள். கல்யாணத்துக்கு என்னிடம் வந்தால் அவள் நிறத்திலேயே பவுண்டேஷன் போடுவேன். பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம் வெள்ளையாக" என்று சொல்லக் கூடாது. சொன்னால் ஆல்பத்தில் முகம் ஒரு பெண்ணுடையதாகவும் கை வேறு பெண்ணுடையதாகவும் இருக்கும். அப்புறம் படம் எடுத்தவரோடு சண்டைக்குப் போவீர்கள்.