காரைக்குடியில் ஸ்லீப் லேப் வைத்தால் ஓடுமா?

ஸ்லீப் லேப், அதாவது ஆளை ஒரு ராத்திரி தூங்கவைத்துத் தூக்கக் கோளாறைக் கண்டுபிடிக்கும் இடம், வைக்கலாமா என்று ரெஸ்பிரேட்டரி தெரபி (மூச்சுக் கோளாறுக்கான சிகிச்சை) படித்த தம்பி கேட்டிருக்கிறார். ஓடும், ஆனால் முதலில் வேறொரு ஸ்லீப் லேபில் டெக்னீஷியனாக இரண்டு வருடம் ராத்திரி கண் விழியுங்கள். கொண்டை போட்ட ஆச்சி ஒருவருக்குத் தலையில் வயர் ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும் (எண்ணெய்த் தலையில் பசை பிடிக்காது, குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள்). மூளை அலை, கண் அசைவு, மூச்சு, ஆக்சிஜன் எல்லாம் விடிய விடிய பதிவாகும். அதை 30 வினாடித் துண்டுகளாகப் பிரித்துப் படிக்கணும். மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ மூச்சு நின்றாலோ குறைந்தாலோ, கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்).

அறிக்கையில் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. நுரையீரல் டாக்டர் ஒருவரைக் கூட்டுச் சேருங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் மட்டும் இடம் பிடிக்காதீர்கள், ஹாரன் சத்தத்தில் எவர் தூங்குவார்? யூ.பி.எஸ். கட்டாயம்.