12 வயதுப் பிள்ளைக்கு முதல் டிஸ்டோபியா நாவலாக, அதாவது கொடுமையான கட்டுப்பாடுகள் கொண்ட கற்பனைச் சமூகத்தைப் பற்றிய நாவலாக, எதைத் தரலாம்?

லோயிஸ் லௌரியின் 'தி கிவர்' (1993). 23 சிறிய அத்தியாயங்கள், எளிய ஆங்கிலம். 1994இல் அமெரிக்கச் சிறார் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் பெற்றது.

பலர் எடுத்த எடுப்பில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலைக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் முதல் பக்கத்திலிருந்தே இருட்டு. நடுவில் அரசியல் விளக்கம் வேறு பக்கம் பக்கமாகப் போகும். இந்த வயதில் பாதியில் மூடிவைக்கவே வாய்ப்பு அதிகம். லௌரி இதற்கு நேர்மாறு. கதைநாயகன் ஜோனஸ் வளரும் ஊரில் பசி கிடையாது, சண்டை கிடையாது. வீட்டுக்கு ஒரு பையன், ஒரு பெண். 9 வயதில் சைக்கிள். 12 வயதில் யாருக்கு என்ன வேலை என்று பெரியவர்களே அறிவித்துவிடுவார்கள். நல்ல ஊர்தானே என்று படிக்கிற பிள்ளைக்குத் தோன்றும். தோன்ற வேண்டும், அப்போதுதான் பின்னால் வருவது உறைக்கும். முதல் பத்து அத்தியாயங்கள் மெதுவாகப் போவது அதற்காகத்தான். "ஒண்ணுமே நடக்கலையே" என்று முணுமுணுத்தால் 11ஆம் அத்தியாயம் வரை பொறுக்கச் சொல்லுங்கள். ஊருக்காகப் பழைய நினைவுகளைச் சுமக்கும் முதியவரிடமிருந்து, பனிச்சரிவில் சறுக்குவண்டியில் இறங்கும் நினைவு ஜோனஸுக்குக் கைமாறுவது அங்கேதான்.

19ஆம் அத்தியாயத்தை மட்டும் நீங்கள் முன்கூட்டியே படித்துவிடுங்கள். வழிதவறிப் பறந்த விமானி 'விடுவிக்கப்படுவார்' என்று முதல் அத்தியாயத்தில் ஓர் அறிவிப்பு வரும். அதற்கு என்ன பொருள் என்பது இங்கே ஒரு கைக்குழந்தையை வைத்துத் தெரியவரும். ரத்தம் இல்லை, சில பக்கங்கள்தான், ஆனாலும் உலுக்கிவிடும். வீட்டில் அண்மையில் இழப்பு ஏதும் நேர்ந்திருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

2014இல் வந்த திரைப்படத்தை முதலில் காட்டாதீர்கள். ஜோனஸை வயதில் பெரியவனாக்கியதைக்கூட விட்டுவிடலாம். கறுப்பு வெள்ளையில் தொடங்குவதால் அந்த ஊரார் நிறங்களைக் காண்பதில்லை என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது; ஆப்பிளில் ஏதோ மாறுகிறதே என்று அவனோடு சேர்ந்து குழம்பும் சுகம் போய்விடுகிறது.

முடிவு பிடிபடாமல் நிற்கும். அடுத்து என்ன ஆனது என்று கேட்டால் இந்த வரிசையின் இரண்டாம் நூலான 'கேதரிங் புளூ'வில் (2000) விடை தேட வேண்டாம். அது கீரா என்ற வேறொரு சிறுமியின் கதை. மூன்றாவதான 'மெசஞ்சர்' (2004), நான்காவதான 'சன்' (2012) இரண்டிலும்தான் இழை மறுபடி சேரும்.

பத்து வயதுக்குள் என்றால் ஜீன் டூப்ராவின் 'தி சிட்டி ஆஃப் எம்பர்' (2003) போதும்: மின்விளக்கு அணைந்தால் கும்மிருட்டாகிவிடும் நகரம், கிழிந்துபோன ஒரு வழிகாட்டித் தாள், வெளியேற வழி தேடும் இருவர். 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) விறுவிறுப்பில் இவற்றையெல்லாம் மிஞ்சும். ஆனால் 24 பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவிடும் கதை என்பதால் 13, 14 வயதுக்குப் பிறகு கொடுங்கள்.